ஓர் இடமாற்றக் கடிதமும் நின்றுபோன ஓட்டமும்

அண்மையில் ஒரு மரண வீட்டிற்காகப் பதுளைக்குச் சென்றிருந்தேன். மறுநாள் பசறை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது, பாடசாலைச் சீருடை அணிந்த ஒரு சிறுமியின் கையைப் பிடித்தபடி நின்ற பெண்ணொருவர் என்னையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அருகில் வந்தார்.

"ஐயா, நீங்க அந்தப் பேப்பர்காரய்யா தானே? எங்க ஸ்கூலுக்கு வந்து போட்டோ புடிச்சீங்களே?"

முகம் நினைவுக்கு வரவில்லை. ஆனால் அவர் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் எல்லாம் நினைவுக்கு வந்தன. இருபது வருடங்களுக்கு முன்னர் பதினேழு வயதிற்குட்பட்ட பெண்களுக்கான 1500 மீற்றர் ஓட்டத்தில் மாகாண மட்டத்தில் இரண்டாமிடம் பெற்ற பிள்ளை அவர். இப்போது முப்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும் தாய். கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் சில வருடங்கள், பிறகு திருமணம், பிறகு மீண்டும் தோட்டம். பக்கத்தில் நின்றது அவருடைய மூத்த மகள்.

"இவளும் ஓடுறா ஐயா. புதுசா ஒரு சேர் வந்திருக்காரு. நல்லா பழக்குறாரு." சற்று நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இந்த சேராவது இருப்பாரா ஐயா?"

அந்தக் கேள்வியைத்தான் இங்கே எழுதவேண்டியிருக்கிறது. அதை எழுதுமுன் என் பங்கையும் சொல்லிவிடுவதே முறை.

2004ஆம் ஆண்டு. அப்போது நான் கொழும்பிலிருந்து வெளிவந்த தமிழ் நாளேடொன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். நமுனுகுல மலைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையைப் பற்றி நண்பர் ஒருவர் கூறக் கேட்டு அங்கே சென்றேன். மைதானம் என்று சொல்லத்தக்க எதுவும் அங்கிருக்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலைக்கு முன்னாலிருந்த வெளியும், லொறி ஏறிவரும் தோட்டப் பாதையுமே ஓடுபாதை. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை நட்டுத் தூரம் குறித்திருந்தார்கள். வேறு மாவட்டத்திலிருந்து வந்து அந்தப் பாடசாலை விடுதி அறையில் ஏழு வருடங்களாகத் தங்கியிருந்த ஆசிரியர் ஒருவர், காலையில் பிரட்டுக்களத்துக்குத் தப்பு அடிக்கும் நேரத்திலேயே பிள்ளைகளை எழுப்பி ஓடவைத்துக்கொண்டிருந்தார். அவர் கற்பித்த பாடம் சமூகக்கல்வி. உடற்கல்விக்கு அங்கே ஆசிரியரே இருக்கவில்லை. அந்த வருடம் அவருடைய மாணவர்கள் மூவர் மாகாண மட்டம்வரை சென்றிருந்தார்கள்.

நான் அரைப்பக்கக் கட்டுரை எழுதினேன். ஆசிரியருடைய படம் பெரிதாக வந்தது. எழுதியதில் எனக்கு மிகுந்த திருப்தி. அடுத்த வருடம் ஜனவரியில், நகரத்துப் பெரிய பாடசாலையொன்று அவரைத் தன்னிடம் வரவழைத்துக்கொண்டது. என் கட்டுரையின் நறுக்கு அந்தப் பாடசாலையின் விண்ணப்பத்தோடு இணைக்கப்பட்டிருந்ததாகப் பின்னர் அறிந்தேன். அந்த வருடப் போட்டிகளில் தோட்டப் பாடசாலையிலிருந்து ஒருவரும் கலந்துகொள்ளவில்லை. சில மாதங்கள் கழித்து வேறொரு செய்திக்காக அந்தப் பக்கம் சென்றபோது, இந்தப் பிள்ளையின் தாயார் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "நீங்க எழுதினதாலதான் சேரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாமே, நெசமாங்கய்யா?"

அன்று நான் ஏதோ மழுப்பிவிட்டு வந்தேன். அந்த அம்மா இன்று உயிரோடில்லை.

அந்த ஆசிரியரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஏழு வருடங்கள் மனைவி பிள்ளைகளைப் பிரிந்து, மழைக்காலத்தில் கூரை ஒழுகும் அறையில் இருந்தவர். இடமாற்றம் கேட்கும் உரிமை அவருக்கு முழுமையாக இருந்தது. நகரப் பாடசாலை அதிபரையும் குறைகூற முடியாது. நல்ல ஆசிரியரைத் தேடிப் பிடிப்பது அதிபருடைய கடமை. ஆகவே இங்கே வில்லன் என்று ஒருவரும் இல்லை. எல்லோரும் நியாயமாக நடந்துகொண்டார்கள். ஆனாலும் ஒரு பிள்ளையின் ஓட்டம் நின்றுபோயிற்று. இப்படிப்பட்ட விடயங்களைத்தான் நாம் கூடுதலாக ஆராய வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

விளையாட்டைப் பற்றி அதிகம் அறியாத வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். நடுத்தர, நெடுந்தூர ஓட்டம் ஒரு பருவத்தில் கற்றுக்கொடுத்து முடிக்கும் பாடமல்ல. இதயமும் நுரையீரலும் கால்களின் தசைநார்களும் மெல்ல மெல்லப் பழக வேண்டும். பதின்மூன்று வயதில் தொடங்கும் பிள்ளை பதினாறு, பதினேழு வயதில்தான் தன் திறமை என்னவென்று காட்டுவாள். இடைப்பட்ட வருடங்களில் அவள் உயரம் கூடும், உடல் மாறும், சில மாதங்கள் வேகம் குறையும். அது இயல்பானது என்று தெரிந்த பயிற்றுநர் காத்திருப்பார். தெரியாதவர் "இவள் இனித் தேறமாட்டாள்" என்று ஒதுக்கிவிடுவார், அல்லது தண்டனைபோல் ஓடவைத்துக் கணுக்காலைக் கெடுத்துவிடுவார். எந்தப் பிள்ளைக்கு இரத்தச்சோகை, எவள் காலையில் வெறும் தேநீரோடு வருகிறாள், எவளுக்கு மாதத்தில் எந்த நாட்களில் பயிற்சியைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் பயிற்றுநரின் மனத்திலோ கொப்பியிலோ இருக்கும் விடயங்கள். அவர் போகும்போது அவையும் அவரோடு போய்விடுகின்றன.

தோட்டத்தில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. பிள்ளையை ஓடவிடுவதற்கு முன்னர் பயிற்றுநர் அவளுடைய லயத்துக்குப் போய், தகப்பனோடு திண்ணையில் உட்கார்ந்து, ஒரு கோப்பை தேநீர் குடித்திருக்க வேண்டும். விடியுமுன் பெண்பிள்ளையை வெளியே அனுப்புவதற்கும், அரைக்காற்சட்டை அணிய அனுமதிப்பதற்கும், மாகாணப் போட்டிக்காக வெளியூரில் இரண்டு இரவு தங்கவைப்பதற்கும் அந்தத் தேநீரே உத்தரவாதம். பெற்றோரின் நம்பிக்கையை ஈட்ட எங்கள் ஆசிரியருக்கு மூன்று வருடங்கள் பிடித்தன என்று அவரே சொன்னார். இடமாற்றக் கடிதம் ஒரு நாளில் வந்தது. அடுத்து வந்த ஆசிரியருக்கு அந்த நம்பிக்கையை யாரும் கையளிக்கவில்லை. "புது சேரை எங்களுக்குத் தெரியாது" என்று அந்தத் தகப்பன் சொன்னதில் பிழையேதும் இல்லை.

பயிற்றுநர்களை நாம் எப்படி நியமிக்கிறோம் என்று பார்ப்போம். சுகாதாரமும் உடற்கல்வியும் ஆறாம் தரத்திலிருந்து பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆனால் சிறிய தோட்டப் பாடசாலைகளில் அதற்கெனப் பயிற்றப்பட்ட ஆசிரியர் இருப்பது அபூர்வம். எந்த ஆசிரியருக்குப் பாடவேளை குறைவோ அவர் தலையில் அது விழுகிறது. இன்னொரு பக்கம், அரசாங்கங்கள் அவ்வப்போது விளையாட்டுப் பயிற்றுநர்களை ஒப்பந்த அடிப்படையில் பாடசாலைகளுக்கு நியமிக்கின்றன. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா, நிரந்தரமாகுமா என்ற கவலையோடு இருப்பவர் நான்கு வருடத் திட்டம் போட்டு ஒரு பிள்ளையை வளர்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கொழும்பு, கண்டிப் பெரிய கல்லூரிகளின் நிலை வேறு. அங்கே பழைய மாணவர் சங்கங்கள் பணம் திரட்டித் தனியே பயிற்றுநர்களை அமர்த்துகின்றன. ஒருவர் விலகினால் அடுத்தவரைத் தேடச் செயற்குழுவே இருக்கிறது. பழைய மாணவர்களில் பாதிப்பேர் கொழும்புக் கடைகளிலும் மத்திய கிழக்கிலும் வேலை செய்யும் ஒரு தோட்டப் பாடசாலைக்கு அப்படியொரு சங்கத்தைக் கற்பனை செய்துபாருங்கள்.

தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியரைக் கொண்டுவருவதே எத்தகைய நிபந்தனைகளில் நடக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். 2014, 2015 காலப்பகுதியில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களாக எடுக்கப்பட்ட நம் இளைஞர் யுவதிகளுக்கு ஆரம்பத்தில் கிடைத்த மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பின்னர் போராடி அது 10,000 ரூபா ஆக்கப்பட்டது. பஸ் கட்டணத்துக்கே போதாத அந்தத் தொகையில் நின்று பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த அவர்களில் சிலர் மாலை வேளைகளில் ஓட்டமும் பழக்கினார்கள். நிரந்தர நியமனம் கிடைத்ததும் வீட்டுக்கு அருகிலுள்ள பாடசாலையைத் தேடிப் போனார்கள். போகாமல் என்ன செய்வார்கள்?

"பயிற்றுநர் மாறினால் என்ன? திறமையிருந்தால் பிள்ளை வெளியே வந்துவிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. இவர்கள் உதாரணமாகக் காட்டும் வீரர்களின் கதையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் எல்லாவற்றிலும் நீண்டகாலம் நின்ற ஓர் ஆசிரியரைக் காணலாம்.

2023ஆம் ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் தருஷி கருணாரத்ன 800 மீற்றரில் தங்கம் வென்றபோது நாடே கொண்டாடியது. 2002க்குப் பிறகு மெய்வல்லுநர் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது ஆசிய விளையாட்டுத் தங்கம் அது. அவர் கொழும்பு மாணவியல்லர். கண்டி மாவட்டத்தில் வலல ரத்நாயக்க மத்திய கல்லூரியில் படித்தவர். அங்கே சுசந்த பெர்னாண்டோ என்ற பயிற்றுநர் நீண்ட காலமாக ஒரே இடத்தில் நின்று நடுத்தரதூர ஓட்டக்காரர்களை வரிசையாக உருவாக்கிவந்தார். பிள்ளைகள் அவரைத் தேடி அந்தக் கிராமத்துக்கு வந்தார்கள்.

வடக்கிலே பாருங்கள். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தார். மெத்தையும் கோலும் இல்லாமல் பழகவே முடியாத, செலவு மிகுந்த விளையாட்டு அது. போரிலிருந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்த ஒரு பிரதேசத்தில் அது வேரூன்றியதற்குப் பயிற்றுநர் சுபாஸ்கரன் அங்கேயே நின்றது முக்கியமான காரணம்.

கேரளத்துக் கண்ணூரில் விளையாட்டுப் பாடசாலையொன்றில் பயிற்றுநராக இருந்த ஓ.எம்.நம்பியார், எழுபதுகளின் பிற்பகுதியில் பி.டி.உஷா என்ற மெலிந்த சிறுமியைக் கண்டெடுத்தார். 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் செக்கனின் நூறிலொரு பங்கில் உஷா வெண்கலத்தைத் தவறவிட்ட நாளிலும் அவரே பயிற்றுநர். மறு வருடம் இந்திய அரசு பயிற்றுநர்களுக்கான துரோணாச்சாரியார் விருதை ஏற்படுத்தியபோது முதலில் பெற்றவர்களில் அவரும் ஒருவர். கதை அதோடு முடியவில்லை. உஷா 2002இல் தானே ஒரு பயிற்சிப் பாடசாலை தொடங்கினார். அங்கே வளர்ந்த டின்டு லூக்கா 2015இல் 800 மீற்றரில் ஆசியச் சம்பியனானார். நம்பியார் 2021இல் காலமானார். அவர் கையிலிருந்தது உஷாவின் கைக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கென்யாவில் இருக்கிறது. இட்டென் என்பது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்தில், நமது மலையகத்தைப்போலவே குளிரும் மூடுபனியும் உள்ள ஊர். அங்கேயுள்ள புனித பற்றிக் உயர்பாடசாலைக்கு 1976இல் அயர்லாந்திலிருந்து புவியியல் கற்பிக்க வந்தார் சகோதரர் கொம் ஓ'கொனல். மெய்வல்லுநர் பயிற்சியில் அவருக்கு எந்த அனுபவமும் இல்லை. அங்கே ஏற்கெனவே பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்த பீட்டர் பொஸ்டர் என்ற ஆங்கிலேய ஆசிரியர், தாம் நாடு திரும்புவதற்கு முன்னர் இவரைக் கூடவே வைத்துக்கொண்டு பழக்கினார். பொஸ்டர் போனார், ஓ'கொனல் தொடர்ந்தார். அந்தப் பாடசாலையில் படித்த பீட்டர் ரோனோ, அமெரிக்காவின் மேரிலண்டிலுள்ள மவுண்ட் சென்ற் மேரிஸ் கல்லூரிக்குச் சென்று, 1988 சோல் ஒலிம்பிக்கில் 1500 மீற்றர் தங்கத்தை வென்றார். பல வருடங்களின் பின்னர் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீற்றரை 1 நிமிடம் 40.91 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்த டேவிட் ருடிஷாவும் ஓ'கொனலிடம் வளர்ந்தவரே.

இந்த இட்டென் கதையை எல்லோரும் ஓ'கொனலின் கதையாகவே எழுதுகிறார்கள். நான் அதைப் பொஸ்டரின் கதையாகவும் வாசிக்கிறேன். ஒரு மலைப் பாடசாலையில் பயிற்றுநர் மாறினார். ஆனால் மாறுவதற்குமுன் கையளித்துவிட்டு மாறினார். அஞ்சலோட்டத்தில் கோலைக் கைமாற்றுவதற்கென்றே ஒரு தூரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் இருவரும் சேர்ந்து ஓடவேண்டும். கோல் கீழே விழுந்தால் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை. நமது கல்விப் பணிமனைகள் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூன்று மாதம் கழித்து மற்றவரை வெறும் கையோடு ஓடச் சொல்கின்றன.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மெய்வல்லுநர் பயிற்றுநர் என்பது முழுநேரத் தொழில். தலைமைப் பயிற்றுநர் விலகினால் அது செய்தியாகும். விளம்பரம் செய்து நேர்முகம் நடத்தி அடுத்தவரை எடுப்பார்கள். இடைப்பட்ட காலத்தில் உதவிப் பயிற்றுநர் பொறுப்பை ஏற்பார். நம்மவருக்கும் அந்த உலகத்தோடு பழைய தொடர்பு உண்டு. 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டி இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலிருந்து கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்துக்குச் சென்று படித்தவர். அக்காலத்தில் அங்கே தலைமைப் பயிற்றுநராக இருந்த டக்கி டிரேக் 1947 முதல் 1964 வரை அப்பதவியில் நீடித்தார். வளாகத்தின் ஓட்டமைதானம் இன்று அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. அந்த அமைப்பிலும் குறைகள் உண்டு. கூடுதல் சம்பளம் தரும் இடத்துக்குப் பயிற்றுநர்கள் தாவுகிறார்கள். நம்பி வந்த பிள்ளைகள் தவித்துப் போகிறார்கள். ஆனால் அங்கே பிள்ளைக்கு ஒரு வழி இருக்கிறது. பயிற்றுநர் போனால் அவளும் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். நமுனுகுலத் தோட்டத்துப் பிள்ளை எங்கே போவாள்?

நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் போகலாமே என்பார்கள். சிங்கள மொழிமூலப் பாடசாலைகளில் திறமையுள்ள கிராமத்துப் பிள்ளைக்கு அப்படியொரு கதவு இருக்கிறது. வலலவுக்குப் போன பிள்ளைகளைப்போல. தமிழ்மொழிமூலம் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தக் கதவு பாதிதான் திறக்கும். பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். விடுதியும் நல்ல பயிற்றுநரும் ஒருங்கே உள்ள தமிழ்மொழிப் பாடசாலை அவர்களுக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும். குமார் சண்முகேஸ்வரன், வேலு கிரிஷாந்தினி போன்றோர் மலையகத்திலிருந்து நெடுந்தூர ஓட்டத்தில் தேசிய மட்டத்துக்கு வந்தார்கள் என்றால், அவர்கள் தாண்டிய தடைகள் மைதானத்தில் வைக்கப்பட்டவை மட்டுமல்ல.

மண் சரிந்து மனிதர் புதையும் மலைகளில் ஓட்டப்பந்தயத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தவைக் கண்டோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் பதுளை மாவட்டம் மீண்டும் உயிர்களைப் பறிகொடுத்தது. பாதுகாப்பான வீடும் காணியுமே முதற் கோரிக்கை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாவாக உயர்ந்தது. ஒரு சோடி ஓட்டக் காலணிக்குத் தாய் பல நாட்கள் கொழுந்து பறிக்க வேண்டும். ஆனால் வீடு கிடைக்கும்வரை பிள்ளைக்கு வயது காத்திருப்பதில்லை. மேலும், நான் கேட்பவற்றில் பெரும்பாலானவை பணமே தேவைப்படாதவை.

முதலாவது, போட்டிப் பருவம் முடியுமுன் பயிற்சிப் பொறுப்பிலுள்ள ஆசிரியரை விடுவிக்கக் கூடாது. கோட்ட மட்டத்தில் தொடங்கித் தேசிய மட்டம்வரை போட்டிகள் எந்த மாதங்களில் நடக்கும் என்பது வலயக் கல்விப் பணிமனைக்குத் தெரியும். இடமாற்றக் கடிதத்தில் அதற்கேற்ற திகதியைப் போடுவதற்குத் திறைசேரியின் அனுமதி வேண்டியதில்லை.

இரண்டாவது, பதிலாள் வராமல் விடுவிப்பு இல்லை. வந்தபின் இருவரும் குறைந்தது இரண்டு வாரங்கள் சேர்ந்து பழக்க வேண்டும். அந்த இரண்டு வாரங்களில் பழையவர் புதியவரை லயத்துக்கு லயம் அழைத்துச் சென்று பெற்றோரிடம் அறிமுகப்படுத்த வேண்டும். மேலே சொன்ன தேநீரை இவரும் குடிக்கட்டும்.

மூன்றாவது, பயிற்சிக் கொப்பி பாடசாலையின் சொத்தாக வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் வயது, உயரம், நேரங்கள், காயங்கள், செய்த பயிற்சி ஆகியவை வரவு இடாப்பைப்போலப் பேணப்பட வேண்டும். மருத்துவ விடயங்களைத் தனியே, பொறுப்புள்ள ஆசிரியை ஒருவர் வைத்திருக்கலாம்.

நான்காவது, பயிற்சியை ஒரே ஒருவர் தலையில் கட்டக் கூடாது. எந்தப் பாடசாலையிலும் இருவர் இருக்கட்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் பெற்றோரின் நிம்மதிக்கும் அது அவசியம். தோட்டத்திலேயே முன்னர் ஓடிய இளைஞர் யுவதிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழிலேயே அடிப்படைப் பயிற்சிநெறி நடத்தி, கௌரவமான கொடுப்பனவோடு உதவிப் பயிற்றுநர்களாக அமர்த்தலாம். உயர்மட்டப் பயிற்சிநெறிகள் பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தொலைதூர நகரங்களிலுமே நடக்கின்றன என்பது எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் எல்லோருடைய குறையும். இவர்கள் இடமாற்றம் கேட்கப் போவதில்லை. அவர்களுடைய ஊரே அதுதான்.

ஐந்தாவதைச் சற்றுத் தயக்கத்தோடு சொல்கிறேன். பயிற்றுநர் நியமனங்களை அரசியல்வாதிகளின் வேலைவாய்ப்புப் பட்டியலிலிருந்து விடுவிக்க வேண்டும். நமது பிரதிநிதிகள் நியமனக் கடிதங்களை மேடையில் வழங்கும் படங்களை நானே பலமுறை பக்கத்தில் போட்டிருக்கிறேன். இத்தனை பேருக்கு வேலை என்று தலைப்பிட்டோம். இத்தனை பிள்ளைகளுக்குப் பயிற்றுநர் என்று ஒருநாளும் தலைப்பிடவில்லை. கணக்கை யார் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆசிரியரின் உரிமை என்னாவது என்று ஆசிரியர் சங்க நண்பர்கள் கேட்பார்கள். உரிமையைப் பறிக்கச் சொல்லவில்லை. சில மாதங்கள் பின்போடச் சொல்கிறேன்; அதற்கு ஈடாகக் கஷ்டப் பிரதேசத்தில் பயிற்சிப் பொறுப்பேற்ற ஆசிரியருக்கு இடமாற்றத்தில் முன்னுரிமைப் புள்ளி கொடுங்கள், மாலை நேர உழைப்புக்குக் கொடுப்பனவு கொடுங்கள், ஒழுகாத அறை கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் அவர்களில் சிலர் போகாமலே இருந்துவிடவும் கூடும்.

பஸ் நிலையத்துச் சந்திப்புக்குப் பிறகு அந்தப் பழைய ஆசிரியரின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்துப் பேசினேன். ஓய்வுபெற்று ஊரில் இருக்கிறார். அந்த மாணவியின் பெயரைச் சொன்னதும், அவளுடைய 1500 மீற்றர் நேரத்தைச் செக்கன் பிசகாமல் சொன்னார். "விடுதியை விட்டுப் புறப்படுற அண்டைக்குக் கொப்பியை அதிபரிட்டக் கொண்டுபோனன். 'இதை ஆரிட்டக் குடுக்கிறது, சேர்?' எண்டு அவர் கேட்டார். எனக்கும் பதில் தெரியேல்லை. அப்படியே கொண்டுவந்திட்டன்" என்றார். இருபது வருடமாக அது அவருடைய அலுமாரியில் இருக்கிறது. இப்போது மகளைப் பழக்கும் புதிய ஆசிரியருக்கு அதன் பிரதியை அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அனுப்பிவிட்டார். தாய் பதினாறு வயதில் செய்த பயிற்சி மகளுக்கு எவ்வளவு பயன்படும் என்று எனக்குத் தெரியாது. அந்த மலையின் எந்த ஏற்றத்தில் எத்தனை முறை ஓடவைக்கலாம் என்றாவது புதியவர் அறிந்துகொள்வார்.

அந்தப் புதிய ஆசிரியரின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. காரணம் வாசகர்களுக்குப் புரியும். ஒருமுறை எழுதிப் பட்டது போதும்.

ஊவா மாகாணக் கல்வி அதிகாரிகள் எவராவது இதை வாசித்தால், அடுத்த இடமாற்றப் பட்டியலில் கையெழுத்திடுமுன் ஒரேயொரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளட்டும்: இவரிடம் எத்தனை பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களை நாளை காலையில் யார் எழுப்புவார்?